கொத்து ரோஸா, பன்னீர் ரோஸா, பட்டன் ரோஸா? நாலடி இடத்துக்கு எது சரிவரும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு லோடு ஆட்டோவில் ரோஜாச் செடி வந்துவிடும். கறுப்புக் கவரில் ஒரு முழ உயரச் செடி, அதன் தலையில் செடி தாங்காத அளவுக்குப் பூ. ஸ்பீக்கர் சத்தம் கேட்டதுமே பாதி வீட்டுக் கதவு திறக்கும். அந்த வாரம் முழுக்க எனக்கு வாட்ஸப்பில் படம் படமாக வரும். போன வருஷம் திசையன்விளையிலிருந்து என் நாத்தனார் அனுப்பிய படத்தில் ஒரு கையில் பிங்க் கொத்து ரோஸ், இன்னொரு கையில் பிங்க் பட்டன் ரோஸ். "மைனி, வண்டிக்காரர் நிக்காரு. எதை வாங்கட்டும், சட்டுனு சொல்லுங்க."

சட்டென்று சொல்ல முடியவில்லை. கேட்கிற எல்லாருக்கும் ஆசை என்னவோ ஒன்றுதான். இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது, பிங்க் நிறத்தில் நிறையப் பூக்க வேண்டும், வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கிடக்கிற நாலடி மண்ணில் அடங்க வேண்டும். ஆனால் பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்குச் சொல்லும் பதிலைத் திசையன்விளையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்குச் சொன்னால், செடியும் போகும், சொந்தமும் கொஞ்சம் கசக்கும்.

நானும் பூவைப் பார்த்தே செடி வாங்கிக்கொண்டிருந்தவள்தான். நம் பக்கத்தில் ரோஜாவை வாங்குவது மார்கழியில். அது தேறியதா இல்லையா என்று தெரிவது ஆவணியில். நடுவில் கத்திரி வெயில் இருக்கிறது, ஆனி ஆடிக் காற்று இருக்கிறது. வண்டியில் இருக்கும்போது எல்லா ரோஜாவும் அழகுதான். ஆவணியில் எது உயிரோடு நிற்கும் என்ற கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தண்ணீர். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரோஜா உப்பைப் பொறுக்காத செடி. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வாய்த்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கறுப்புத் தட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். அடியில் வெள்ளையாகத் தடித்த படலம் படிந்தால், அதே படலம்தான் செடியின் வேரைச் சுற்றியும் நாளுக்கு நாள் சேரப்போகிறது. இலையின் ஓரம் காப்பிப் பொடி நிறத்தில் கருகத் தொடங்கும். நோய் என்று நினைத்து நாம் மருந்து வாங்கப் போவோம்.

இன்னொன்று. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் ரோஜாவுக்கு ஊற்றுகிறார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதற்கு வீடு துடைப்பதுதான் சரியான வேலை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்புக் கிடையாது. அதைப் பிடித்து ஊற்றுங்கள்.

வெயிலும் காற்றும். ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் நமக்கு அந்த ஆறு மணி நேரம் காலையிலிருந்து மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மே மாதத்தில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேற்குச் சுவரோரம் மாலை வரை வேகும் இடம் ரோஜாவுக்கு ஆகாது. வீட்டுக்குக் கிழக்கே இடமிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

காற்று அடுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தைப் பிய்த்துப் போடும். அங்கே காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. செங்கோட்டை வழியாக நுழைவது தென்காசி, குற்றாலத்தில் சாரலாக இறங்கிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது ஈரமெல்லாம் போய் வெறும் காற்றாகத்தான் வரும். இலையின் ஈரத்தை உறிஞ்சுவதில் கத்திரி வெயிலுக்கு இது தம்பி.

பூவுக்கு என்ன வேலை. பார்க்கவா, சாமிக்கா, தலைக்கா? இதைக் கேட்டால் பலரும் மூன்றும்தான் என்பார்கள். மூன்றையும் ஒரே செடி செய்யாது.

கை. வாரத்துக்கு அரை மணி நேரம் கத்தரிக்கோலோடு நிற்க வீட்டில் ஆள் உண்டா? மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்றுவது யார்? செடியின் விலையைவிட இந்தக் கேள்விகளுக்குத்தான் எடை அதிகம்.

இடத்தைத் தனியாகச் சொல்லவில்லை. அளந்து பாருங்கள், அவ்வளவுதான். அளக்கும்போது முள் நீளும் தூரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தினமும் உரசிக்கொண்டு போகிற பாதையாக இருந்தால் அது முக்கியம்.

## கொத்து ரோஸ்

நர்சரிகளில் கொத்து ரோஸ், ஒட்டு ரோஸ், பெங்களூர் ரோஸ் என்று பல பெயரில் கிடைப்பதில் ஒன்று ஃப்ளோரிபண்டா. எல்லா ஒட்டு ரோஸும் ஃப்ளோரிபண்டா இல்லை. நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய மொட்டு நின்றால் அது ஹைபிரிட் டீ என்ற இனம். பூங்கொத்துக் கடையில் பார்ப்பது அதைத்தான். ஒரே காம்பின் நுனியில் ஐந்தாறு மொட்டுகள், நடுவில் இருப்பது விரிந்தும் சுற்றியிருப்பவை மூடியும் நின்றால் ஃப்ளோரிபண்டா. பெயர் அட்டையை நம்ப வேண்டாம். பெரும்பாலும் 'பிங்க்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதையும் வெயில் தின்றிருக்கும்.

இந்த இனம் பிறந்த இடம் டென்மார்க். பவுல்சன் என்ற தோட்டக்காரக் குடும்பம், குட்டையாகக் கொத்தில் பூக்கும் பாலியந்தா ரோஜாவைப் பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் டீயோடு கலந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கியது. 1924இல் அவர்கள் கொண்டுவந்த 'எல்சே பவுல்சன்' பிங்க்தான். நம் நாட்டில் கோதுமை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற பி.பி. பால் ரோஜாவிலும் பெரிய கை. 1960களில் அவர் உருவாக்கிய 'டெல்லி பிரின்சஸ்' பிங்க் ஃப்ளோரிபண்டா. டென்மார்க் குளிரைத் தாங்குவதற்கென்று பிறந்ததைக் கொண்டுவந்து நாம் கத்திரி வெயிலில் நிறுத்துகிறோம். அது நம்மிடம் கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் கோபித்துக்கொள்ள முடியாது.

உயரம் இரண்டிலிருந்து மூன்றடி, அகலம் இரண்டடிக்குள். அடியிலிருந்தே பல கிளைகள் வருவதால் பூ இல்லாத நாளிலும் மொட்டைக் குச்சியாகத் தெரியாது. நாலடி இடத்தில் இரண்டு செடி சௌகரியமாக நிற்கும். பார்வைக்கு மூன்றில் இதற்குத்தான் முதல் பரிசு. தை மாசி மாதங்களில் ஒரு செடியில் பத்துக் கொத்து நிற்கும்போது தெருவில் நடப்பவர்கள் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

வாசம் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி இராது. மே மாதப் பூ பாதி அளவுதான் இருக்கும். காலையில் பிங்க், மதியத்தில் வெளுத்த சட்டை. கொத்தில் நடுப் பூ முதலில் விரிந்து முதலில் வாடும். அதைக் கிள்ளாவிட்டால் பழுப்பு நிறப் பூவைச் சுற்றி நல்ல பூக்கள் நிற்பது போல ஆகிவிடும். நடு மொட்டை மிளகு அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் மற்றவை ஒன்றாக விரியும். கொத்து முழுக்க வாடியதும் ஐந்து இலை உள்ள கணுவுக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த மொக்கின் தலையில் வெட்ட வேண்டும். இதற்குத்தான் அந்த வாரத்து அரை மணி நேரம்.

இனி, வாங்கும்போது யாரும் சொல்லாத இரண்டு விஷயங்கள்.

முதலாவது, செம்மண் உருண்டை. வெளியூரிலிருந்து வரும் ஒட்டுச் செடிகளின் வேரைச் சுற்றி ஒட்டுகிற களிமண்ணை உருட்டிப் பிடித்திருப்பார்கள். லாரியில் வேர் காயாமல் வர அது தேவை. நம் வீட்டில் அதுவே எமன். காய்ந்தால் செங்கல். அதைச் சுற்றி எவ்வளவு நல்ல மண் போட்டாலும் ஊற்றிய தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். மேலே ஈரம், உள்ளே வறட்சி, செடி வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம். கவரைக் கிழித்ததும் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அமுக்கி மண்ணைக் கரைய விடுங்கள். வேரைப் பிய்க்கக் கூடாது. முழுக்கக் கரைக்கவும் வேண்டாம், பாதி கரைந்தால் போதும்.

இரண்டாவது, ஒட்டு. நீங்கள் வாங்குவது இரண்டு செடி. கீழே வேர் ஒரு முரட்டு ரோஜா, மேலே பூ இன்னொன்று. இரண்டும் சேருகிற இடத்தில் முட்டி போலப் புடைத்திருக்கும். பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால் நட்ட பிறகு அது இறுகாமல் பார்த்து அவிழ்த்துவிட வேண்டும். இதைப் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத்தான் படித்தேன். ஒரு சித்திரையில் பத்து நாள் வீட்டில் ஆள் இல்லை. திரும்பி வந்தபோது கொத்து ரோஸ் அடி வரை கருகிக் கிடந்தது. போனதென்று விட்டுவிட்டேன். ஆனியில் அடியிலிருந்து ஒரு துளிர் கிளம்பியது. வெளிர்பச்சை, விரல் தடிமன், வாரத்துக்கு ஒரு சாண் வளர்ச்சி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எரு போட்டு, பிண்ணாக்குக் கரைத்து ஊற்றி, ஒரு வருஷம் தாலாட்டி வளர்த்தேன். ஆறடி போனது. ஒரு மொட்டு இல்லை. பக்கத்துத் தெருவில் தோட்டவேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருநாள் குனிந்து அடியைப் பார்த்தார். "இது ஒட்டுக்குக் கீழ இருந்துல்லா வந்திருக்கு. பூச்செடி எப்பவோ செத்துட்டு. நீங்க இம்புட்டு நாளும் காட்டுக் கட்டையத்தான் வளத்திருக்கீங்கம்மா."

ஏழு இலை வந்தால் காட்டுத் துளிர், ஐந்து இலை என்றால் நல்லது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை முழுக்க நம்ப முடியாது. நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வருவதுண்டு. துளிர் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். முட்டிக்குக் கீழே என்றால், மண்ணை விலக்கி அது ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மேலாக வெட்டினால் நாலாகக் கிளைத்து வரும்.

செலவைப் பார்த்தால் செடி விலை கடைசிக் கணக்கு. தொட்டியில் வைப்பதானால் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 14 நல்லது. செம்மண், மணல், மட்கிய எரு, வேப்பம்பிண்ணாக்கு, கத்தரிக்கோல் என்று ஒரு செடிக்குச் செடி விலையைப் போல மூன்று நாலு மடங்கு முதல் வருஷத்திலேயே போய்விடும். முதல் செடி செத்தால் இன்னொன்றும் வாங்குவோம். அதையும் கணக்கில் சேருங்கள்.

## பன்னீர் ரோஸ்

நாட்டு ரோஸ் என்று நாம் சொந்தம் கொண்டாடுவது. வேளாண்மைப் புத்தகங்களில் எட்வர்ட் ரோஸ். உண்மையில் இதுவும் கப்பலேறி வந்த இனம்தான். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்றொரு தீவு இருக்கிறது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் முன்பு போர்போன் என்றார்கள். அங்கே வேலி ஓரத்தில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்ததுதான் போர்போன் ரோஜா. எட்வர்ட் அந்த வகை. வெயில் தீவில் பிறந்த பிள்ளை. டென்மார்க்காரனுக்கும் இதற்கும் நம் ஊரில் உள்ள வித்தியாசம் அங்கேயே தொடங்குகிறது.

இதன் பெரிய பலம் ஒட்டு இல்லாதது. பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஐப்பசி மழையில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை, தெரிந்தவர் வீட்டில் ஒரு குச்சி கேட்டால் போதும். சொந்த வேரில் நிற்பதால் கத்திரியில் தரையோடு கருகினாலும், அடியிலிருந்து துளிர்ப்பது அதே பன்னீர் ரோஸாகத்தான் இருக்கும். நான் ஒரு வருஷம் காட்டுக் கட்டைக்கு எரு போட்ட கதை இங்கே நடக்கவே நடக்காது. உப்புத் தண்ணீரையும், நான் பார்த்தவரை, கொத்து ரோஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கிறது. விரும்பிக் குடிக்கிறது என்று அர்த்தமில்லை.

வாசத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. காலையில் ஒரு பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தால் வீட்டுக்குள் நுழையும்போதே தெரியும். இதழைக் கற்கண்டோடு அடுக்கி வெயிலில் வைத்துக் குல்கந்து செய்கிறவர்கள் தேடுவதும் இதைத்தான். எங்கள் ஆச்சி வெறும் வாயிலேயே ஒன்றிரண்டு இதழை மெல்லுவாள். மருந்து அடிக்காத செடியாக இருந்ததால் அது முடிந்தது.

ஆனால் நாலடி இடம் என்று கேட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. இது அடக்கமான செடி இல்லை. நாலைந்தடி உயரத்துக்கு நீளக் குச்சிகளை இஷ்டப்பட்ட பக்கம் விடும். உடம்பெல்லாம் சின்னச் சின்ன முள். நாலடி இடம் முழுவதையும் ஒரே செடி எடுத்துக்கொண்டு, பாதைப் பக்கமும் கை நீட்டும். புடவைத் தலைப்பு மாட்டாத வாரம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை நன்றாகக் கவாத்து செய்து, இடையில் நீளும் குச்சிகளை வளைத்துக் கட்டி வைத்தால் ஓரளவு அடங்கும். குச்சியைப் படுக்கையாக வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூவும் கூடும்.

பூ நிற்காது என்பது அடுத்த குறை. காலையில் பறித்தது மாலைக்குள் உதிரத் தொடங்கிவிடும். தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் பந்தி முடிவதற்குள் காம்பு மட்டும்தான் மிஞ்சும். பார்க்கவும் ஒழுங்கான வடிவம் கிடையாது. கசக்கிப் பிரித்த காகிதம் போல இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வண்டியில் வருகிற படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்குப் பிடிக்குமா, தெரியவில்லை.

## பட்டன் ரோஸ்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒன்றிலிருந்து ஒன்றரை அடிச் செடி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பூ, பத்து அங்குலத் தொட்டியில் அடங்கும். மண்ணே இல்லாத மாடி வீட்டுக்கும் பால்கனிக்கும் இதுதான். பூ கட்டுவதற்கும் வாகானது, இதழ் எளிதில் உதிராது. பிச்சிக்கு நடுவில் நாலு பட்டன் ரோஸ் வைத்துக் கட்டினால் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். வாசம் கிடையாது. குச்சியிலிருந்து சுலபமாக வேர் விடும் இனம் என்பதால், வாங்கும்போது "குச்சிச் செடியா, ஒட்டா?" என்று கேட்டுக் குச்சிச் செடியையே வாங்குங்கள்.

சின்னத் தொட்டி சீக்கிரம் காயும். மே மாதம் மொட்டைமாடியில் வைத்தால் காலையும் மாலையும் தண்ணீர். ஒரு வேளை தவறினாலும் முகத்தில் காட்டிவிடும். தொட்டியைக் காங்கிரீட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள்.

உண்மையான வில்லன் ஆனியில் வருகிறது. இலை பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளி விழுந்தால், ஓர் இலையைப் பறித்து அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மிளகாய்ப் பொடி மாதிரி விழுந்தவை நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. வறண்ட காற்று அதற்குத் திருவிழா. மூன்று ரோஜாவுக்கும் வரும், ஆனால் சின்ன இலைகள் நெருங்கி நிற்கும் பட்டன் ரோஸை ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் முதல் வைத்தியம். வேப்பெண்ணெய்யைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிப்பது அடுத்தது. அதை வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள், உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | கொத்து ரோஸ் | பன்னீர் ரோஸ் | பட்டன் ரோஸ் |
|---|---|---|---|
| உயரம் | 2 முதல் 3 அடி | 4 முதல் 5 அடி | 1 முதல் 1½ அடி |
| நாலடி இடத்தில் | 2 செடி | 1 செடி, அதுவும் நெருக்கி | 4 செடி |
| உப்புத் தண்ணீர் | ஆகாது | கொஞ்சம் பொறுக்கும் | ஆகாது, தொட்டியில் இன்னும் மோசம் |
| கத்திரியில் கருகினால் | காட்டுக் கட்டை துளிர்க்கும் | அதே செடி துளிர்க்கும் | குச்சிச் செடி என்றால் அதே செடி |
| ஆனி ஆடிக் காற்று | நடுத்தரம் | குச்சி முறியும், செடி தாங்கும் | செஞ்சிலந்தி |
| வாசம் | குறைவு | நிறைய | இல்லை |
| எதற்கு நல்லது | பார்க்க | சாமிக்கு, குல்கந்துக்கு | கட்டித் தலையில் வைக்க |
| வாரத்து வேலை | அரை மணி | எப்போதாவது | சின்ன வேலை, ஆனால் தினமும் |
| தெரியாத செலவு | தொட்டி, எரு, செத்தால் மறுசெடி | பாதை, கிழியும் துணி | மே மாதத் தண்ணீர் |

## எந்த ஊர்க்காரருக்கு எது

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், ஆற்றங்கரைப் பக்கத்து ஊர்கள் என்றால், கிழக்கே இடமும் ஆற்றுத் தண்ணீரும் இருந்தால் கொத்து ரோஸையே வாங்குங்கள். மதில் ஓரத்துப் பன்னீர் ரோஸ் ஒன்று போக, என் வீட்டு வாசலில் இப்போது இருப்பதும் இரண்டு கொத்து ரோஸ்தான். அத்தனை பட்ட பிறகும் ஏன் என்றால், தை மாதத்து அந்த இருபது நாளுக்காக. மண்ணை அரையடி மேடாக்கி நடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். என் தோட்டத்தில் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இருந்தவை அழுகிப்போயின. அரையடி மேட்டில் நின்ற ஒன்று மட்டும் பிழைத்தது.

அம்பாசமுத்திரம், பாபநாசம், தென்காசி என்று மலையோரம் இருப்பவர்களுக்கு வெயில் பயம் குறைவு, சாரல் பயம் அதிகம். இலையில் ஈரம் காயாமல் இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். கறுப்பு வட்டம் விழுந்து, சுற்றி மஞ்சளாகி, இலை கொட்டும். கொத்து ரோஸ் வைக்கலாம். நெருக்கி நடாமல் காற்றோட்டம் விட்டு நடுங்கள், உதிர்ந்த இலையை அடியில் கிடக்க விடாதீர்கள், மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சிக்கல் வேறு மாதிரி. அந்த மண் மழையில் நீரை விடாது, வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்பும் கூடுதல். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். அங்கே எந்த ரோஜாவானாலும் செம்மண் கலவை போட்ட பெரிய சிமெண்டுத் தொட்டியில் வைப்பதே நிம்மதி.

திசையன்விளை, ராதாபுரம், உவரி வட்டாரம்: மணல், உப்பு, காற்று மூன்றும் சேர்ந்த இடம். மண்ணில் வைப்பதானால் பன்னீர் ரோஸ், அதுவும் சுவரின் மறைவில். எருவைத் தாராளமாகப் போட்டு, மேலே காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ பரப்பி மூடாக்குப் போட வேண்டும். கொத்து ரோஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒன்றே ஒன்று, தொட்டியில். மழைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ அதற்கென்று ஒதுக்குங்கள். மாதம் ஒரு முறை தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக ஓடும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்கள்.

மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் போகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பன்னீர் ரோஸ் மட்டும்தான். அதற்கும் மனமில்லை என்றால் பிங்க் நித்தியகல்யாணி வையுங்கள். ரோஜா இல்லைதான். ஆனால் திரும்பி வரும்போது பூத்துக்கொண்டு நிற்கும்.

தினமும் தலைக்குப் பூ வேண்டும் என்பதற்காகச் செடி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோவாளைச் சந்தைப் பூ நம் ஊர்க் கடைகளுக்கு வந்துவிடுகிறது. ஒரு பட்டன் ரோஸ் செடி தரும் பூ வாரத்தில் ஒருநாள் சரத்துக்குக் காணும். செடி வளர்க்கும் ஆசை வேறு, பூச்செலவை மிச்சம் பிடிக்கும் ஆசை வேறு. பின்னது நிறைவேறாது.

## வாங்கும் நேரமும் வெட்டும் நேரமும்

மூன்றில் எதுவானாலும் வடகிழக்கு மழையின் வேகம் அடங்கிய பிறகு, மார்கழி தையில் நடுங்கள். கத்திரிக்கு முன்னால் வேர் இறங்க நாலு மாதம் கிடைக்கும். சித்திரையில் தள்ளுபடி விலைக்கு வரும் செடியைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வாங்கும்போது பூவை எண்ணாமல் அடியைப் பாருங்கள். முட்டிக்கு மேலே இரண்டு மூன்று தடித்த கிளை இருக்க வேண்டும், நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். வந்த பூவை அன்றைக்கே வெட்டிவிடுங்கள். மனசு வராது. இருந்தாலும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் வேர் விட வேண்டிய தெம்பைப் பூ குடித்துவிடும்.

கவாத்து செய்த நாளிலிருந்து பூ வர ஏறக்குறைய 45 நாள். நவம்பர் கடைசியில் வெட்டினால் பொங்கலுக்குப் பூ. அடைமழை நடுவில் வெட்டினால் வெட்டிய முனையிலிருந்து கறுப்பு இறங்கும், நுனிக்கருகல் என்பது அதுதான். இரண்டு நாள் வெயில் அடிக்கும் இடைவெளி பார்த்து வெட்டி, முனையில் மஞ்சள் பொடியைக் குழைத்துத் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். நான் இதையெல்லாம் யோசித்துப் பன்னீர் ரோஸ் என்று பதில் அடிப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அவள் இரண்டையும் வாங்கியிருந்தாள். பட்டன் ரோஸை ஆனியில் செஞ்சிலந்தி முடித்தது. கொத்து ரோஸ் ஏ.சி. குழாய்க்கு அடியில் தொட்டியில் இருக்கிறது, சுமாராக. நடுவில் ஊருக்கு வந்தபோது என் மதில் ஓரத்துப் பன்னீர் ரோஸில் நாலு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். ஆவணியில் ஒரு படம் அனுப்பினாள். ஒன்று பிடித்திருக்கிறது, மூன்று இலை.